இரண்டாவது முட்டை

காணாமல் போனவர்களின் வீட்டுக்குள் நுழைந்தால் துப்பறிவாளர் முதலில் போய் நிற்கும் இடம் பாத்திரம் கழுவும் தொட்டி. பீரோ பொய் சொல்லும், படுக்கை பொய் சொல்லும், தொட்டி சொல்லாது என்பது அவர் கட்சி. இந்த வீட்டுத் தொட்டியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி கிடந்தன. இன்று காலை அவர் வீட்டுத் தொட்டியில் கிடந்ததும் இதேதான். அதனால் அங்கே அதிக நேரம் நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை.

“என்ன பாஸ், தொட்டி வாயைத் திறந்துச்சா?” என்றாள் பட்டாசு.

அது ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர். திரி கிள்ளாமலே வெடிக்கிறவள். கணவன், மாமியார், திருட்டுப் பூனை ஒன்று என்று நிறைந்த வீட்டிலிருந்து தினமும் கிளம்பி வந்து துப்பறிவாளருக்கு உதவியாளராக இருந்தாள். அவரைப் பேச வைப்பதற்கே அவளுடைய சம்பளத்தில் பாதி சரியாகப் போய்விடும்.

“தனி ஆள்னு சொல்லுது.”

“அதுக்குத் தொட்டி எதுக்கு? பொண்ணே சொல்லிட்டாங்களே.”

அந்தப் பெண் சமையலறை வாசற்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். காணாமல் போனவருடைய ஒரே மகள். வெளியூரில் வேலை. காலையில் மாடி வீட்டுக்காரர் போன் செய்து, “உங்கப்பா வீட்டுக் கதவு ராத்திரி பூரா திறந்து கிடக்கும்மா, ஆளைக் காணோம்” என்றதும் ஓடி வந்திருக்கிறாள். போலீசில் இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாத காரணம் அலமாரியின் மேல் இருந்தது. இதயத்துக்கான மாத்திரை, காலையும் இரவும் ஒன்று. நேற்று இரவுக்கானதும் இன்று காலைக்கானதும் அட்டையில் அப்படியே இருந்தன. பக்கத்திலேயே அவருடைய போனும் கிடந்தது.

“ரெண்டு வேளைக்கு மேல விட்டா உயிருக்கே உத்தரவாதம் இல்லைன்னு டாக்டர் சொன்னாராம். அப்பாவுக்கு இதயத்துல கோளாறுன்னே எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்” என்றாள் மகள். “மாடி வீட்டுக்காரர்தான் சொன்னார்.”

“நீங்க இங்க கடைசியா வந்தது எப்போ?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“அம்மா போனப்ப. ரெண்டு வருஷம் ஆச்சு.”

பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. துப்பறிவாளர் அதைக் காதில் வாங்கி, ஒரு ஓரமாக வைத்துக்கொண்டார்.

காணாமல் போனவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கேமராவைப் பிடித்துக்கொண்டார். ‘ஒரு தட்டு’ என்று இணையத்தில் ஒரு சானல். தனியாக இருக்கிறவர்களுக்கான சமையல்; ஒரு ஆளுக்கு எவ்வளவு உப்பு, ஒரு ஆளுக்கு எத்தனை உருளைக்கிழங்கு, மிச்சம் வைக்காமல் சமைப்பது எப்படி. பார்க்கிறவர்கள் மொத்தப் பேரையும் ஒரே லிஃப்டில் ஏற்றிவிடலாம்.

அந்தச் சிலரில் துப்பறிவாளரும் ஒருவர் என்பதைப் பட்டாசுவிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் மானம் போய்விடும். ஆனால் சாயங்காலங்களில், அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் போனை ஜாடி மேல் சாய்த்து வைத்தால், அந்த வீட்டில் பேசுகிற ஒரே குரல் இந்த லிஃப்ட்காரருடையதுதான். இந்த மேசையையும் பின்னால் இருக்கும் ஜன்னலையும் அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். நேரில் இப்போதுதான் வந்து நிற்கிறார், அதுவும் ஆள் இல்லாத நேரத்தில்.

மேசையில் இரண்டு தட்டுகள் எதிரெதிராக வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் ஆம்லெட் காய்ந்து சுருண்டு கிடந்தது. யாரும் தொடவில்லை.

“விருந்தாளி வந்திருக்கான், சாப்பிட விடாம ஆளைக் கடத்திட்டான். மூளைகெட்ட பய, சாப்பிட்டுட்டுக் கடத்தியிருக்கலாம்” என்றாள் பட்டாசு.

மேசைக்கு எதிரே, சுவரோரமாக, ஒரு முக்காலி ஸ்டாண்டில் கேமரா நின்றிருந்தது. மிரர்லெஸ் எனப்படும் சின்ன டிஜிட்டல் ரகம். விலை உச்சத்திலும் இல்லை, அடிமட்டத்திலும் இல்லை. வீடியோவும் எடுக்கலாம், போட்டோவும் எடுக்கலாம் என்று ஆசைப்படுகிற நடுத்தரக் குடும்பம் வாங்குவது. அதன் சின்னத் திரை பக்கவாட்டில் விரித்து, மேசையைப் பார்க்கத் திருப்பி விடப்பட்டிருந்தது. நாற்காலியில் உட்காருகிறவர் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பேசுவதற்காக.

“நம்ம ஆபீஸ் கேமராவேதான் பாஸ். அதே மாடல்.”

“அப்ப இதுலயும் சந்தேக ஆளு மங்கலாத்தான் தெரிவான்.”

பட்டாசு வாயை மூடிக்கொண்டாள். அபூர்வம். ரயில் நிலையத்தில், பேருந்து நிலையத்தில், எங்கே யாரைப் பின்தொடர்ந்து வீடியோ எடுத்தாலும், அவள் எடுத்ததில் குற்றவாளி புகை மூட்டமாக இருப்பான். குறுக்கே நடந்து போகிற துப்பறிவாளர் மட்டும் மூக்கு மயிர் வரை தெளிவாகத் தெரிவார். அதற்காக அவளிடம் எத்தனையோ முறை சிடுசிடுத்திருக்கிறார்.

கேமராவில் பேட்டரி தீர்ந்திருந்தது. அதனால் மகளால் அதை உயிர்ப்பிக்க முடியவில்லை. பட்டாசு தன் பையிலிருந்து ஆபீஸ் கேமராவின் பேட்டரியை எடுத்துப் போட்டாள். கடைசியாகப் பதிவான வீடியோவை ஓட்டினாள். மூவரும் அந்தச் சின்னத் திரையின் முன் தலைகளை முட்டிக்கொண்டு நின்றார்கள்.

முதலில் ஒரு முதுகு. கேமராவை ஓட விட்டு, நடந்து போய், நாற்காலியில் உட்கார்ந்து திரும்பினார் லிஃப்ட்காரர். தானே எடுத்துக்கொள்கிற எல்லா வீடியோவும் இப்படித்தான் தொடங்கும். வெட்டி எறிய வேண்டிய அந்த நாலு எட்டை யாரும் பார்ப்பதில்லை. துப்பறிவாளருக்கு அந்த நடை புதிது. கொஞ்சம் இடது கால் இழுத்தது.

“வணக்கம். இன்னிக்கு ஆம்லெட். ஒரு ஆளுக்கு ஒரு முட்டை” என்று மேசை மேலிருந்த சின்ன அடுப்பில் உடைத்து ஊற்றினார். வெளியே மழைச் சத்தம். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தது. சட்டென்று அவர் முகம் கலங்கிப் போனது. பின்னால் இருந்த ஜன்னல் துல்லியமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மழைத்துளியும் தெரிந்தது. கண்ணாடிக்கு அப்பால், குடையின் கீழ், வெளிறிய ஒரு பொட்டு.

“ஃபோகஸ் ஓடிப் போச்சு!” என்றாள் பட்டாசு. “பாஸ், அங்க ஒரு மூஞ்சி இருக்கு. கேமரா மூஞ்சியைத்தான் தேடும்.”

“தண்ணி குடிச்சிட்டு வர்றேன்” என்று மகள் வெளியே போனாள். தண்ணீர்ப் பானை சமையலறைக்குள்ளேயே, அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. லிஃப்ட்காரர் மங்கலாகவே பேசினார், கிளறினார், சிரித்தார். நெடுநேரம் கழித்து ஃபோகஸ் மறுபடி அவர் முகத்துக்கு வந்தது. அவர் பேச்சு பாதியில் நின்றது. கரண்டி கையில் அப்படியே இருக்க, கேமராவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் போனார். அதன் பின் வெறும் நாற்காலி. மழை. அந்த மாடல் அரை மணிக்கு மேல் தொடர்ந்து எடுக்காது. வெறும் நாற்காலியைப் படம் பிடித்துப் பிடித்து, தானாகவே நின்று போயிருந்தது.

ஆள் இல்லாத அந்த நாற்காலியைப் பார்க்கத் துப்பறிவாளருக்கு என்னவோ போல் இருந்தது. அதைப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடைசி வரை பார்த்தார்.

“அந்த மூஞ்சியைப் பெருசு பண்ணு.”

“வீடியோவை இதுல பெருசு பண்ண முடியாது பாஸ். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டாத்தான்.”

“போயிட்டு வர்றதுக்குள்ள மூணாவது வேளை மாத்திரையும் தப்பிடும். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கு?”

“மாடிப்படிக்குப் போற சந்து. அந்த வழியில போறவரு ஒரே ஒருத்தர்தான்” என்று பட்டாசு கண்ணடித்தாள். “மாடியில இருக்கற வீட்டு ஓனரு. இந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டு இருக்காராம். பையனுக்குக் கல்யாணம் ஆகுதாம்.”

மாடி வீட்டுக்காரர் அழைத்து வரப்பட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப் போனது.

“காலி பண்ணச் சொன்னேன், வாஸ்தவம். அதுக்காக நானா? போன வருஷம் அவர் நெஞ்சு வலின்னு துடிச்சப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு? நேத்து சாயங்காலம் நான் ஊர்லயே இல்ல சார், ராத்திரி லேட்டாத்தான் வந்தேன்!”

“இல்லைன்னு கேமரா சொன்னா நம்பிடறோம்” என்றார் துப்பறிவாளர். “நேத்து தாவின மாதிரி இப்பவும் உங்க முகத்துக்குத் தாவுதான்னு பார்ப்போம். வெளியே போய் ஜன்னல் பக்கத்துல நில்லுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். துப்பறிவாளர் லிஃப்ட்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே சின்னத் திரையில் அவர் முகம் தெரிந்தது. முகத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம். அவர் தலையைச் சாய்த்தால் கட்டமும் சாய்ந்தது.

“வெள்ளைக் கட்டம்னா?”

“யாரோ ஒரு ஆளுன்னு அர்த்தம். எந்த மூஞ்சி பெருசா, கிட்டத்துல இருக்கோ அதைப் பிடிச்சுக்கும்.”

யாரோ ஒரு ஆள். சரிதான் என்று தோன்றியது அவருக்கு.

ஜன்னலில் மாடி வீட்டுக்காரர் வந்து நின்றார். வெள்ளைக் கட்டம் துப்பறிவாளரை விட்டு நகரவில்லை. கிட்டே வந்தார், எட்டிப் பார்த்தார், கண்ணாடியில் மூக்கை அழுத்தினார். ம்ஹூம்.

“கேமரா உங்களை விடுதலை பண்ணிடுச்சு சார்” என்று பட்டாசு அவரை அனுப்பிவிட்டு, தானே போய் நின்றாள். நாக்கை நீட்டினாள். காதைப் பிடித்து ஆட்டினாள். கட்டம் அசையவில்லை.

“இந்த எழவுக்கும் என்னைப் பிடிக்கல பாஸ்!” என்று வெளியிலிருந்து கத்தினாள்.

துப்பறிவாளர் யோசித்தார். கிட்டத்து முகத்தைத்தான் பிடிக்கும் என்றால், நேற்று லிஃப்ட்காரரை விட்டுவிட்டு தூரத்தில் நின்ற பொட்டுக்கு அது ஏன் ஓடியது? ஓடியது மட்டுமா, அங்கேயே குடியிருந்ததே.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. திரையில் அவர் முகம் சட்டென்று கலங்கியது. கட்டம் அவரை உதறிவிட்டு ஜன்னலுக்குத் தாவியது. தாவியபோது அதன் நிறமும் மாறிவிட்டது. வெள்ளை இல்லை, ஊதா. உட்கார்ந்த இடத்திலேயே தான் இல்லாமல் போய்விட்டது போல அவருக்கு ஒரு கணம் திக்கென்றது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. ஆனால் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறார். திரும்பினால் பின்னால் இருக்கிற அந்த யாரோ போய்விடுவார்கள் என்று ஒரு பயம், அவ்வளவுதான்.

“பட்டாசு, ஜன்னல்ல இப்ப யாரு?”

“நான்தான் பாஸ். பின்னாடி அவங்க வந்து நிக்கறாங்க, ஏதாவது தெரிஞ்சுதான்னு கேட்டுட்டு…” அவள் குரல் தானாகத் தணிந்தது. “ஏன், என்ன ஆச்சு?”

“கட்டம் ஊதா ஆயிடுச்சு.”

பட்டாசு ஓடி வந்தாள். மெனுவுக்குள் நுழைந்து, விரலால் தேய்த்துத் தேய்த்து எங்கோ போய் நின்றாள். “ஊதான்னா தெரிஞ்ச முகம் பாஸ். ஒரு முகத்தை முன்கூட்டியே பதிஞ்சு வச்சுட்டா, கூட்டத்துல எத்தனை பேர் இருந்தாலும், எவ்வளவு தூரத்துல இருந்தாலும் கேமரா அவங்களைத்தான் தேடிப் பிடிக்கும். இதுல ஒரே ஒரு முகம் பதிஞ்சிருக்கு.”

திரையில் சின்னதாக ஒரு படம். தலை கலைந்து, வாய் விட்டுச் சிரிக்கிற ஒரு பெண். ஓரத்தில் இன்னொருத்தியின் தோள், பாதி வெட்டுப்பட்டு. சிரிக்கிறவள் சற்று முன் தண்ணீர் குடிக்கப் போனவள்தான்.

மகள் உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள். மறுக்க வேண்டும் என்ற எண்ணம் முகத்தில் வந்து, உடனே போய்விட்டது.

“அந்தத் தோள் அம்மாவோடது” என்றாள். “இந்தக் கேமரா நான் வாங்கிக் கொடுத்ததுதான். அப்பா வேலையிலேர்ந்து நின்ன அன்னிக்கு. முதல்ல உன் மூஞ்சியைத்தான் இதுக்குச் சொல்லித் தரணும்னு என்னைப் பிடிச்சு நிக்க வச்சார். எனக்கு மறந்தே போச்சு.”

“நேத்து இங்க வந்தீங்க” என்றார் துப்பறிவாளர்.

“வந்தேன்.”

“ரெண்டு வருஷம்னு சொன்னீங்களே?”

“வந்தேன்னு சொன்னா, வந்துட்டு ஏன் திரும்பிப் போனேன்னு கேட்பீங்க.” அவள் சுவரில் சாய்ந்தாள். “அம்மா ஆஸ்பத்திரியில இருந்த கடைசி நாள்ல அப்பா இந்தக் கேமராவைத் தூக்கிட்டு வந்தார். அம்மா பேசறதை எடுத்துட்டே இருந்தார். கையைப் பிடிச்சுக்க வேண்டிய நேரத்துல கேமராவைப் பிடிச்சுட்டு நிக்கறீங்களேன்னு எல்லார் எதிர்லயும் கத்திட்டேன். அன்னிக்கோட பேச்சு நின்னு போச்சு. வீடு மாறினேன், நம்பர் மாத்தினேன். மாடி வீட்டுக்காரருக்கு மட்டும் கொடுத்து வச்சிருந்தேன். ஆனா அவர் வீடியோ எல்லாத்தையும் பார்ப்பேன். போன தடவை சொன்னார், ஒருத்தருக்குச் சமைக்கிறது கஷ்டமில்ல, ஒருத்தரா உட்கார்ந்து சாப்பிடறதுதான் கஷ்டம்னு. அதைக் கேட்டதும் மனசு தாங்கல.”

துப்பறிவாளருக்கு அந்த வீடியோ நன்றாக நினைவிருந்தது. அன்று தன் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

“அப்புறம் ஏன் கதவைத் தட்டல?”

“ஜன்னல் வழியாப் பார்த்தேன். அப்பா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தார். மழையில ஒண்ணும் கேட்கல. சந்தோஷமாத்தானே இருக்கார், நான் எதுக்குன்னு தோணிச்சு. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. பஸ்ஸுக்குப் போயிட்டேன். அவருக்கு நான் வந்ததே தெரியாது. நான் போனதுக்கப்புறம் யாரோ வந்து…”

“யாரும் வரல” என்றார் துப்பறிவாளர். “அவருக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்? அவர் திரும்பவே இல்லையே!”

“நானும் இப்போ திரும்பல. எனக்குத் தெரிஞ்சுதே.”

அவர் பட்டாசுவிடம் வீடியோவை மறுபடி ஓட்டச் சொன்னார். அதற்கு முன்னால், கேமராவின் கார்டில் இருந்த பழைய வீடியோத் துண்டுகளைக் காட்டச் சொன்னார். துண்டு துண்டாக எத்தனையோ கிடந்தன. ஒன்றில் ஓர் ஈ பறந்தது. லிஃப்ட்காரர் கையைத் தட்டி, “சரியா வரல, திருப்பி எடுக்கணும்” என்று எழுந்து வந்தார். இன்னொன்றில் ஃபோகஸ் ஒரு நொடி கரண்டிக்குப் போய் வந்தது. அதற்கும் கைதட்டல், அதற்கும் திருப்பி. லிஃப்டின் கதவு ஒரு நூல் இடைவெளி விட்டு மூடினாலும் ஸ்பேனரைக் கையில் எடுக்கிற ஆள்.

“ஈ பறந்தா திருப்பி எடுக்கற மனுஷன், முகமே மங்கிப் போனப்ப கையைத் தட்டல” என்றார் துப்பறிவாளர். “திரை அவரைப் பார்த்துத்தான் இருக்கு. கட்டம் ஊதா ஆகித் தாவினதைப் பார்த்திருக்கார். இந்தக் கேமராவுக்குத் தெரிஞ்ச முகம் உலகத்துலயே ஒண்ணுதான். கையைத் தட்டினா, எழுந்தா, திரும்பினா, நீங்க போயிடுவீங்க. அதனால பேசிட்டே இருந்தார். இப்ப பாருங்க.”

மங்கலான லிஃப்ட்காரர் கையை நீட்டினார். இன்னொரு முட்டையை எடுத்து உடைத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஒரு முட்டைக்கு மேல இவர் உடைச்சதே கிடையாது. எந்த வீடியோவிலயும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் பட்டாசு.

“தெரியும்” என்றார் துப்பறிவாளர். “சத்தத்தைக் கூட்டு.”

மழையோசைக்கு மேல் அந்தக் குரல் வந்தது. உப்பைப் பற்றிப் பேசியது, தீயைக் குறைப்பதைப் பற்றிப் பேசியது, அடுப்பிலிருந்து எடுக்க மனமில்லாமல் இழுத்து இழுத்துப் பேசியது. நடுவே, அதே சமையல்காரக் குரலில், “கதவு திறந்துதான் இருக்கு. தாழ்ப்பாள் போடல. சும்மா தள்ளினாப் போதும்” என்றது. பிறகு மறுபடி மிளகுத்தூளுக்குப் போய்விட்டது. பேசிக்கொண்டே அந்த மங்கல் உருவம் இரண்டு ஆம்லெட்டையும் எதிரெதிராக இரண்டு தட்டில் வைத்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டாசு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் ஃபோகஸ் லிஃப்ட்காரரின் முகத்துக்குத் திரும்பி வந்தது. கரண்டியோடு அவர் உறைந்து உட்கார்ந்த இடம். மகள் போய்விட்டாள் என்று திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்த இடம் அது. கட்டம் மறுபடி வெள்ளையாகி அவர் முகத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். பார்க்கச் சகிக்கவில்லை துப்பறிவாளருக்கு. உடனே தொழிலுக்கு வந்தார்.

“உங்களைத் தேடித்தான் போயிருக்கார். அவருக்குத் தெரிஞ்ச விலாசம் எது?”

“பழைய வீடுதான். புது வீடு யாருக்கும் தெரியாது.” அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “அங்க இப்ப நான் இல்லையே!”

“அது அவருக்குத் தெரியாதே. பழைய வீட்டுக் காவலாளி நம்பர் இருக்கா?”

இருந்தது. நல்லவேளையாக அவள் தன் நம்பரை மாற்றினாளே ஒழிய மற்றவர்களுடையதை அழிக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டாள்.

“பெரியவரா? ஆமாம்மா, ஒருத்தர் நேத்து ராத்திரி நனைஞ்சுட்டு வந்தார். நான் லிஃப்ட் கம்பெனி ஆளுன்னு நினைச்சுட்டேன். ரொம்ப நாளா ஓடாம கிடந்துச்சு இல்ல? எங்கிட்ட ஸ்பேனர் கேட்டார், கொடுத்தேன். விடியறதுக்குள்ள ஓட வச்சுட்டார்! இப்ப அதுலயே ஏறி நாலாவது மாடிக்குப் போறார், பூட்டின கதவைத் தட்டறார், கீழ வர்றார். அந்த வீட்ல யாரும் இல்லைன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். மக வருவான்னு சொல்றார். முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு.”

“பக்கத்துல மருந்துக் கடை இருக்கா?” என்று குறுக்கிட்டார் துப்பறிவாளர். மாத்திரை அட்டையைப் பார்த்து, பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். மருந்துக்காரரிடம் விவரம் சொல்லி உடனே ஒன்று வாங்கிக் கொடுக்கவும், ஒரு டாக்டரை வரவழைக்கவும் சொன்னார். காவலாளி ஓடுகிற சத்தம் கேட்டது. லிஃப்டின் கதவு திறக்கிற ஓசை, சீராக, ஒரு முனகல் இல்லாமல். பிறகு போன் கை மாறியது.

“அப்பா” என்றாள் மகள்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

“அப்பா, நான்தான்.”

“கதவு திறந்துதான் இருந்துச்சு, பாப்பா” என்றது அந்தக் குரல்.

அவ்வளவுதான், அவள் உடைந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எனக்குக் கேட்கலப்பா, மழையில கேட்கலப்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, “அங்கேயே உட்காருங்க. நான் வர்றேன். மாத்திரையைப் போட்டுட்டு லிஃப்டுக்குள்ளயே உட்கார்ந்திருங்க” என்றாள். அவர் ஏதோ சொன்னார் போலிருக்கிறது, அழுகையோடு சிரித்தாள். “ஆமா, ரெண்டும் காய்ஞ்சு போச்சு. வேற போடலாம்.”

துப்பறிவாளர் எழுந்து கேமராவின் எதிரே போனார். கேமராவை அணைத்தார். அணைக்குமுன் திரையில் ஒரு முறை தன் முகத்தைப் பார்த்தார். வெள்ளைக் கட்டம் விசுவாசமாக வந்து ஒட்டிக்கொண்டது.

மாடி வீட்டுக்காரரே தன் காரில் மகளை அழைத்துப் போனார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பு கேட்டபோது, “அதெல்லாம் விடுங்க சார், அந்த மனுஷன் திரும்பி வரட்டும், காலி பண்ற பேச்சே எடுக்கல” என்றார். பட்டாசு அதையும் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை.

ஆபீஸ் காரை அவள்தான் ஓட்டினாள். கடைகள் ஒவ்வொன்றாக விளக்குப் போட ஆரம்பித்திருந்தன.

“பட்டாசு.”

“சொல்லுங்க பாஸ்.”

“நம்ம ஆபீஸ் கேமராவுல யார் முகமாவது பதிஞ்சிருக்கா?”

அவள் கண்ணாடியைச் சரி செய்தாள். ஹாரன் அடிக்கத் தேவையில்லாத இடத்தில் அடித்தாள்.

“திட்டக் கூடாது.”

“சொல்லு.”

“முதல் வருஷம், ரயில் நிலையத்துல அந்தக் கூட்டத்துல உங்களைத் தொலைச்சுட்டேன் இல்ல? ராத்திரி வரைக்கும் தேடினேன். போனையும் ஆபீஸ்லயே வச்சுட்டு வந்திருந்தீங்க. நீங்க காணாமப் போனா புகார் கொடுக்கக்கூட வேற ஆள் இல்லைன்னு அன்னிக்குத்தான் தோணிச்சு. மறுநாளே உங்க மூஞ்சியைப் பதிஞ்சுட்டேன்.” பட்டாசு ஓரக்கண்ணால் பார்த்தாள். “அதனாலதான் திருடன் எல்லாம் மங்கல். நீங்க மட்டும் பளிச்.”

துப்பறிவாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாளும் அந்த வீடியோக்களை ஆத்திரத்தோடு பார்த்தது நினைவுக்கு வந்தது. கூட்டம் நிறைந்த நடைமேடை. அத்தனை முகங்களையும் விட்டுவிட்டு, தொப்பி போட்ட ஒரு கிழட்டு மனிதனையே விடாமல் தேடிப் போகிற கேமரா.

“தொழிலுக்கு இடைஞ்சல்தான் பாஸ், ஒத்துக்கறேன். இன்னிக்கே அழிச்சுடறேன்.”

“வேண்டாம்” என்றார் அவர். “இருக்கட்டும்.”

அடுத்த சிக்னலில் கார் நின்றது. வழக்கம்போல அவள் கேட்டாள்: “சாப்பிட வீட்டுக்கு வர்றீங்களா?” வழக்கமான பதிலை அவளே முணுமுணுத்தும் முடித்தாள்: “வேலை இருக்கு, இன்னொரு நாள் பார்க்கலாம்.”

“வர்றேன்” என்றார் துப்பறிவாளர்.

சிக்னல் பச்சைக்கு மாறியும் பட்டாசு வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் அலற ஆரம்பித்தன.